அந்தக் காட்சி அங்கே வேண்டுமா? படங்களில் பாலுறவு, பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தப்பாகக் கணித்த இடங்கள் பற்றிப் பேசலாம்

நொய்யல்கரை (கோவை)

பருத்திவீரன் முடிவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2007-இல் வந்த படம். பிரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு கிடைத்தது. அமீர் அந்த மண்ணையும் மனிதர்களையும் காட்டிய விதத்திலும் எனக்குக் குறை இல்லை. என் குறை கடைசிப் பகுதியில் இருக்கிறது.

பிரியாமணி நடித்த முத்தழகு, படம் முழுக்கத் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கிற பெண். அப்பனிடம் அடிபட்டும் அசையாதவள். அவளைக் கொண்டுபோய், அவள் காதலிக்கிற வீரனோடு முன்பு பழகிய ஆட்கள் கையில் சிக்கிச் சீரழிய வைக்கிறது கதை. உயிர் போகிற நேரத்தில்கூட அவள் பேச்சு தன்னைப் பற்றி இல்லை. அவன் செய்த பாவம் தன்மேல் வந்து விடிந்தது என்கிறாள். இந்த உடம்பை யாரும் பார்க்க வேண்டாம், வெட்டிப் போட்டுவிடு என்கிறாள். அவனும் வெட்டுகிறான்.

அவன் பாவத்தைத் தீர்க்க அவள் உடம்பு எதற்கு? அவளுக்கு நடந்ததை அவளுடைய அவமானம் என்று ஊர் நினைக்கும், அது தெரிந்த விஷயம்தான். படமும் அப்படியே நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எவ்வளவு தோல் தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை. இரண்டு பெரியவர்கள் மனம் ஒத்துச் சேர்கிற காட்சி கதைக்கு வேண்டுமென்றால் இருக்கட்டும், ஏ சான்றிதழ் போடட்டும், நான் போய்ப் பார்ப்பேன். வன்முறைக் காட்சியைத்தான் நம் ஆட்கள் திரும்பத் திரும்பத் தப்பாகக் கணிக்கிறார்கள். தங்கச்சி என்று ஒரு பாத்திரம் வரும். இரண்டு காட்சியில் சிரிப்பாள், மூன்றாவது காட்சியில் சீரழிக்கப்படுவாள், நாலாவதில் தூக்கில் தொங்குவாள். அண்ணன் அரிவாள் எடுக்க ஒரு காரணம் வேண்டும், அதற்காகவே அவளை எழுதியிருப்பார்கள். இப்படி எத்தனை படம் பார்த்துவிட்டோம்.

உங்களுக்குப் பட்டதை எழுதுங்கள். எந்தக் காட்சி, ஏன் என்று சொன்னால் பேச வசதியாக இருக்கும்.


தறிச்சத்தம் (சோமனூர்)

ஏனுங்க அக்கா, நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில்தான் எனக்குச் சங்கடம்.

எங்களுக்குத் தறி நிற்பது ஞாயிற்றுக்கிழமை ஒருநாள். படத்துக்கு என்று கிளம்பினால் அம்மா, வீட்டுக்காரி, பத்தாவது படிக்கிற பெரியவள், ஆறாவது படிக்கிற சின்னவள் எல்லோரும்தான் போவோம். திடீரென்று ஒரு காட்சி வரும். ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். மனம் ஒத்ததா, ஒவ்வாததா என்று அங்கே உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடியாதுங்க. என் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அது வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

இரண்டு பூவை ஒன்றோடொன்று தொடவைத்த காலத்திலும் எங்களுக்கு விஷயம் புரிந்தது. முத்தமே காட்டாமல் எத்தனை காதல் படங்கள் வெள்ளிவிழா கண்டிருக்கின்றன. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

ரத்தமும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் கூலி வந்தபோது, ரஜினி படம்தானே என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஏ படம், சின்னவர்களை விட முடியாது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். ரஜினி படத்துக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. சின்னவள் வீடு வரும்வரை அழுதாள். பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும் என்று தெரிந்தும் அவ்வளவு ரத்தத்தை வைக்க வேண்டுமா?


வழக்காடி (ஈரோடு)

கூலி விஷயத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வன்முறைக்காக ஏ கொடுத்தார்கள். யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடி ஆனது. 18 வயது ஆகாதவரை ஏ படத்துக்குள் விட்டால் 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தியேட்டர்காரர் மேல் வழக்கு வரும். வாசலில் நிற்கிற பையன் மேல் கோபித்துப் பயனில்லை அண்ணா.

1983 வரை யு, ஏ என்ற இரண்டுதான் நடைமுறை. அந்த ஆண்டில்தான் யு/ஏ வந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். இந்த மூன்றும் பெற்றோருக்கான யோசனை, வாசலில் யாரையும் நிறுத்தாது. உங்கள் சின்னவளை யு/ஏ 16 போட்ட படத்துக்குக் கூட்டிப் போனால் தடுக்க மாட்டார்கள், முடிவு உங்களுடையது.

இன்னொன்று. பாலுறவைக் காட்டுவதே ஆபாசம் என்று நம் நீதிமன்றங்கள் சொல்லவில்லை. 1970-இல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் படங்களுக்கு முன்தணிக்கை செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா, பாலுறவும் ஆபாசமும் எப்போதும் ஒன்றாகாது, கலையை எடைபோடும்போது அந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு, படத் தணிக்கையை ஆராய்ந்த ஜி.டி. கோஸ்லா குழு, கதைக்குத் தேவையானால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் நாம் அதே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.


கோபி ஆபரேட்டர் (கோபிசெட்டிபாளையம்)

நொய்யல்கரை அம்மிணிக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். டிஜிட்டல் வந்து பிரிண்ட் நின்றுபோகும் வரைக்கும் நான் ஆபரேட்டராக இருந்தவன். திரையைவிட ஜனங்களை அதிகம் பார்த்தவன்.

பிட்டுப் படக் காலம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. படப்பெட்டியோடு தனியாக ஒரு சின்னச் சுருள் வந்துவிடும். 35 எம்எம்மில் ஆயிரம் அடி ஓட 11 நிமிடம் ஆகும். பிட்டு முந்நூறு அடி இருந்தால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். இடைவேளைக்கு அப்புறம் நடுவில் ஒட்டுவார்கள், போலீஸ் வருகிற சேதி வந்தால் பிரித்து எடுத்து ஒளித்துவிடுவார்கள். சான்றிதழில் படத்தின் நீளம் எழுதியிருக்கும், அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த மூன்று நிமிடத்துக்கும் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கதையில் சாவு வீடு ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் எங்கேயோ எடுத்த குளியலறை வரும்.

பாலக்காடு பக்கத்தில் இருப்பதால் மலையாளப் படங்கள் நமக்குத் தடையில்லாமல் வந்தன. பரதனும் பத்மராஜனும் எடுத்த நல்ல படங்களுக்கு இங்கே என்ன போஸ்டர் ஒட்டினார்கள் தெரியுமா? ஒரு பெண் முகத்தை வரைந்து, கீழே பெரிதாக ஏ. அதைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் படம் ஓடும்போது நாற்காலியைத் தட்டியது. மனுசன் மனுசியின் ஏக்கத்தை அவ்வளவு பக்குவமாக எடுத்திருந்தார்கள், அதைப் பார்க்க வேண்டியவர்கள் போஸ்டருக்குப் பயந்து வரவே இல்லை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆதங்கம் தீரவில்லை.

அம்மிணி கேட்டதற்கு வருகிறேன். எங்கள் அறையில் சின்ன ஜன்னல் இருக்கும். அது வழியாகத் திரையும் தெரியும், தலைகளும் தெரியும். எண்பதுகளில் அந்த மாதிரிக் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்றால், காமிரா வில்லன் தோளுக்குப் பின்னால் நிற்கும். அவன் பார்க்கிறதைத்தான் நாமும் பார்ப்போம். முந்தானை, கால், உடைகிற வளையல், கடைசியில் விளக்கு அணையும். சான்றிதழில் எதற்கும் வெட்டு விழாது, எதையும் காட்டவில்லையே. ஆனால் முன்வரிசையிலிருந்து விசில் வரும். ஒரு பிள்ளை கதறுகிற இடத்தில் விசில் வந்தால் அந்தக் காட்சி தப்பாக எடுத்த காட்சி. இதுதான் என் அளவுகோல்.


வெட்டு ஒட்டு (திருப்பூர், இப்போது சென்னை)

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னப் பையன். எடிட்டிங்கில் உதவியாளராக இருக்கிறேன். ஆனாலும் விசிலை அளவுகோலாக வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சாவுக் காட்சிக்கும் விசில் அடிக்கிறவர்கள் உண்டு, இயக்குநர் அதற்குப் பொறுப்பாக முடியாது. காமிரா எங்கே நிற்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே, அதுதான் அளவுகோல் என்று நினைக்கிறேன்.

2002-இல் கான் திரைப்பட விழாவில் 'இர்ரிவர்ஸிபிள்' என்ற பிரெஞ்சுப் படம் காட்டப்பட்டது. மோனிகா பெலூச்சி நடித்தது. ஒன்பது நிமிடம் போல நீளும் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி, வெட்டே இல்லாமல் போகும். காமிரா தரையில் அசையாமல் கிடக்கும். நிறையப் பேர் எழுந்து வெளியே போனார்கள். அதில் ரசிக்க எதுவுமே கிடையாது. முந்தானை, வளையல் என்று துண்டுதுண்டாக வெட்டிக் காட்டும்போதுதான் அது கண்ணுக்கு விருந்தாகிறது. வெட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எத்தனை ஷாட்டாகப் பிரிக்கிறோம், எங்கே நெருங்குகிறோம் என்பதில்தான் அந்தக் காட்சியின் எண்ணம் தெரிந்துவிடும்.

நாம் யாரும் இதுவரை பேசாத ஒருவர் இருக்கிறார். அந்தக் காட்சியில் நடித்தவர். 1972-இல் வந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' எடுக்கும்போது மரியா ஷ்னைடருக்கு 19 வயது. கூட நடித்த மார்லன் பிராண்டோவுக்கு 48. பாலியல் வன்முறைக் காட்சியில் என்ன செய்யப் போகிறோம் என்பதை இயக்குநர் பெர்டொலுச்சியும் பிராண்டோவும் பேசி வைத்துக்கொண்டு அவரிடம் மறைத்தார்கள். நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவர் அதிர வேண்டும் என்று விரும்பியதாகப் பிற்பாடு இயக்குநரே சொன்னார். உறவு நடிப்புதான், ஆனால் திரையில் தெரிகிற கண்ணீர் நிஜம், அவமானமும் நிஜம் என்று 2007-இல் மரியா சொன்னார். உலகம் கொண்டாடிய படம். எனக்கு அது நடந்த குற்றத்தின் பதிவாகத்தான் தெரிகிறது.

நாங்கள் எடிட் மேசையில் வெட்டாத டேக்கைப் பார்க்கிறோம். கட் சொன்ன பிறகும் அந்த முகம் சட்டென்று மாறாது. நான் வேலை பார்த்த ஒரு படத்தில், பேசியதைவிட அதிகம் எடுத்துவிட்டார்கள் என்று நடிகை கேட்டதன்பேரில் ஒரு ஷாட்டை எடுத்தோம். எடுத்ததால் கதையில் எதுவும் குறையவில்லை. எல்லோருக்கும் அப்படிக் கேட்கிற தைரியம் வராது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017-இல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019-இல் கொடுத்து 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. சொன்னதைவிட அதிகமாக நெருக்கக் காட்சிகளில் நடிக்க வைத்த புகார்கள் அதில் இருக்கின்றன. சண்டைக் காட்சிக்கு ஸ்டன்ட் மாஸ்டர் இல்லாமல் யாரும் எடுப்பதில்லை. நெருக்கக் காட்சிக்கும் அப்படி ஓர் ஆள், இன்டிமசி கோஆர்டினேட்டர், 2018 வாக்கில் அமெரிக்கத் தொடர்களில் வந்துவிட்டார். எங்கே தொடலாம், எங்கே கூடாது, யார் செட்டில் இருக்கலாம் என்று முன்னாடியே எழுதி ஒப்புக்கொள்வார்கள். இந்தியாவிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது இருக்கிறார்கள். தமிழில் இது வழக்கமாக வேண்டும்.


ஆனைமலை டீச்சர் (பொள்ளாச்சி)

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். எங்கள் ஊர் பெயரை 2019-இல் நாடு முழுக்கச் சொன்னார்கள். அந்தப் பாலியல் வன்முறை வழக்கில் பெண்களை மிரட்டக் குற்றவாளிகள் வைத்திருந்த ஆயுதமே வீடியோதான். அது வெளியே தெரிந்ததும் என்ன செய்தார்கள்? ஒரு பிள்ளை கெஞ்சுகிற குரலைத் தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி போட்டார்கள். கடையில், பஸ்ஸில், வீட்டில் எங்கே பார்த்தாலும் அந்தக் குரல். கோபத்தை உண்டாக்குவதற்காகத்தான் போட்டோம் என்பார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அந்தக் குரலில் பேசிக் கேலி செய்தார்கள். எனக்குக் கை நடுங்கியது.

அந்தச் சமயத்தில் ஓர் அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வந்துவிட்டது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச்சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆறு வருடம் அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்றதால் கிடைத்த தீர்ப்பு.

அதனால் சொல்கிறேன் தம்பி, நீங்கள் சொன்ன அந்த ஒன்பது நிமிடக் காட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. காமிரா அசையாமல் இருந்தாலும் சரி. எங்கள் ஊர்ப் பையன்கள் கைக்கு அது ஒன்பது நிமிட வீடியோவாகத்தான் வந்து சேரும். படம் என்ன சொன்னது, முன்னே பின்னே என்ன இருந்தது என்பதெல்லாம் உதிர்ந்து, அந்தத் துண்டு மட்டும் மிஞ்சும். கோபி ஐயா சொன்ன முந்நூறு அடிச் சுருள் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது.

முத்தழகைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஞாபகம் வந்தது. மழையில் காரில் ஏறிய பெண் சீரழிந்து வீட்டுக்கு வருகிறாள். தாய் முதலில் அலறினாலும், மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அறுபதுகளில் எழுதியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவரே பிறகு எழுதிய நாவல்தான் 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தது. நடந்த சம்பவம் அதில் சிறிய பகுதிதான். அதற்கப்புறம் அவள் வாழ்கிற வாழ்க்கைதான் கதை. முப்பது வருடம் கழித்து வந்த பருத்திவீரன், உடம்பை வெட்டி மறை என்கிறது. இதை நாம் முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?


வழக்காடி (ஈரோடு)

டீச்சர் சொன்னதற்கு மாற்றாக ஒரு தீர்ப்பை வைக்கிறேன். 'பாண்டிட் க்வீன்', சேகர் கபூர் இயக்கியது, கொள்ளைக்கூட்டத் தலைவியாக இருந்த பூலான் தேவியின் வாழ்க்கை. அதில் அவரை நிர்வாணமாக்கிக் கிணற்றடிக்கு நடக்க வைத்துத் தண்ணீர் இறைக்கச் சொல்கிற காட்சி வருகிறது. தடை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம், அந்தக் காட்சி இச்சையைத் தூண்டவில்லை, அதைச் செய்தவர்கள் மேல் அருவருப்பையும் அவள் மேல் இரக்கத்தையும் உண்டாக்குகிறது என்று சொல்லி ஏ சான்றிதழை உறுதிசெய்தது. அந்தக் கொடுமையை நாசூக்காகக் காட்டியிருந்தால் செய்தவர்களுக்குச் சலுகை காட்டியதாக ஆகியிருக்கும் என்பது என் கருத்து.


நொய்யல்கரை (கோவை)

தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் வழக்குக் கட்டில் இல்லாத ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது.

பூலான் தேவி அப்போது உயிரோடு இருந்தார். 1994-இல்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். படத்தை எதிர்த்து அவரே தில்லி உயர் நீதிமன்றம் போனார். தனக்கு நடந்ததைத் தன் சம்மதம் இல்லாமல் ஊருக்கே காட்டுகிறார்கள் என்பது அவர் முறையீடு. அருந்ததி ராய் அந்தச் சமயத்தில் கடுமையாக எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது: உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் பாலியல் வன்முறையை அவளைக் கேட்காமல் திரையில் மறுபடி நடத்திக்காட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பிறகு சமரசம் ஆனது. அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

காட்சி பார்க்கிறவர் மனதில் இரக்கத்தை உண்டாக்கியது என்று நீதிமன்றம் சொல்கிறது. எனக்கும் உண்டாக்கியது. இரக்கம் யாருடைய செலவில் வந்தது என்று பார்க்க வேண்டாமா? அரங்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மனம் கனத்தது, வீட்டுக்கு வந்து தூங்கினேன். அவர் தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் கண்ணில் அந்தக் கிணற்றடி இருந்திருக்கும். டீச்சர் சொன்ன பொள்ளாச்சிப் பெண்களுக்கும் இதுதான். நாளைக்கு யாராவது உண்மைச் சம்பவம் என்று போட்டு அதைப் படமாக்கலாம், நோக்கமும் நல்லதாகவே இருக்கலாம். அந்தப் பெண்கள் ஒருவரையாவது கேட்டார்களா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

இதற்காக எல்லாவற்றையும் மூடிவை என்று சொல்ல மாட்டேன். தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களுக்குள் வருகிற அன்பு. 1998-இல் தணிக்கையில் வெட்டு இல்லாமல் வந்தது, மும்பையிலும் தில்லியிலும் தியேட்டரை உடைத்தார்கள், மறுபடி பார்க்கச் சொல்லி வாரியத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். வாரியம் மறுபடியும் வெட்டாமல் விட்டது. அந்தப் படத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தொடுகிற காட்சியை எடுத்துவிட்டால் கதையே இல்லை. கவனிக்க ஆளில்லாமல் கிடந்த உடம்பு, தொட்டவுடன் தான் இருப்பதை உணர்வது வசனத்தில் வராது. அது காட்ட வேண்டிய காட்சி. சோமனூர் தம்பி, உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இல்லை, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒரு படம் இருக்க வேண்டும்.


தறிச்சத்தம் (சோமனூர்)

இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லைங்க அக்கா. நம் பக்கத்தில் திருச்செங்கோட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம். பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் வந்து நாலு வருடம் கழித்து அதை எதிர்த்துக் கூட்டம் கூடியது, 2015 ஜனவரியில் எழுதுவதையே விட்டுவிடுகிறேன் என்று அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கலாம் என்றும் சொன்னது. எனக்கு அந்த நாவலில் மனம் ஒப்பாத இடம் உண்டு. ஆனாலும் ஒரு வாத்தியாரை ஊரைவிட்டுப் போகவைத்தது தப்பு.

புத்தகத்தை மூடலாம், தியேட்டரில் நடு வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறவன் எதை மூடுவது? எனக்கு வேண்டியது முன்கூட்டிய சேதி. ஏ, யு/ஏ என்ற எழுத்தை வைத்துக்கொண்டு எதற்காக ஏ என்று தெரியவில்லை. ரத்தமா, கெட்ட வார்த்தையா, படுக்கையா, சின்னப் பிள்ளைக்கு நடக்கிற கொடுமையா? நூல் என்று மட்டும் எழுதி எத்தனையாம் நம்பர் என்று எழுதாமல் மூட்டை அனுப்பினால் நாங்கள் வாங்குவோமா?


வழக்காடி (ஈரோடு)

நியாயமான கேட்பு. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடியில் வயதோடு சேர்த்து உள்ளடக்கம் என்ன என்றும் ஆரம்பத்தில் காட்ட வேண்டும். 13-க்கு மேல் உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் இருக்க வேண்டும். வீட்டில் பார்ப்பதற்கு இவ்வளவு செய்தவர்கள் தியேட்டர் போஸ்டரிலும் டிக்கெட் ஆப்பிலும் இரண்டு வரி போடச் சொல்லலாம். புதிதாகத் தடை எதுவும் தேவைப்படாது.


வெட்டு ஒட்டு (திருப்பூர், இப்போது சென்னை)

டீச்சரக்கா, துண்டாக்கிப் பரப்புவதைப் பற்றி நீங்கள் சொன்னதை யோசித்தேன். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் பரப்புகிறவனுக்குப் பயந்து படம் எடுத்தால் எதையுமே எடுக்க முடியாது என்பதிலிருந்து நான் நகரவில்லை.

காட்டாமலே எடுத்த படங்களிலும் தப்பு வரும். 2023-இல் வந்த சித்தா நம் பழனியில் நடக்கிற கதை. குழந்தைக்கு நடப்பதை நேரடியாகக் காட்டவில்லை, அருண்குமார் அந்த விஷயத்தில் கவனமாகத்தான் இருந்தார். முதல் பாதியில் சித்தப்பன் மேலேயே சந்தேகம் விழுகிற இடம் தமிழில் யாரும் தொடாத இடம். ஆனால் பின்பாதியில் குழந்தை கிடைப்பாளா என்ற பதைப்பை இழுக்கிறார்கள். குழந்தையின் வேதனையை வைத்து நம்மை இருக்கை நுனியில் உட்காரவைப்பது எனக்கு நெருடலாக இருந்தது.


ஆனைமலை டீச்சர் (பொள்ளாச்சி)

அந்த நெருடல் எனக்கு வரவில்லை தம்பி. பிள்ளையைத் தேடுகிற வீட்டில் இருக்கிற பதைப்புதான் அது. அந்தப் படம் பார்த்துவிட்டு வந்து, யார் தொட்டால் சொல்ல வேண்டும் என்று என்னிடம் பேசிய பெற்றோர் இருக்கிறார்கள். பழிவாங்கும் கோபம் பெண்ணின் மனதைவிட முக்கியமா என்று கேட்கிற இடமும் அதில் உண்டு.

கார்கியும் பாருங்கள், 2022, சாய் பல்லவி. ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை, குற்றம் சாட்டப்பட்டவரின் மகள் பார்வையில் கதை. அந்தக் கொடுமையைத் திரையில் நடத்திக் காட்டவே இல்லை. அதனால் அதன் கனம் குறைந்ததா? நான் எழுந்து வர முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.


கோபி ஆபரேட்டர் (கோபிசெட்டிபாளையம்)

கார்கியை நானும் பார்த்தேன் டீச்சர். பேத்தி போனில் போட்டுக் கொடுத்தாள். வெட்டு ஒட்டுத் தம்பி விசிலைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, வீட்டில் தனியாகப் பார்க்கிறவன் விசில் அடிப்பதில்லை, அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எந்த ஜன்னல் வழியாகவும் தெரியாது. ஆனாலும் காமிரா அவன் தோளுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. அதில் நாம் இரண்டு பேரும் ஒன்றுதான்.


தறிச்சத்தம் (சோமனூர்)

டீச்சர், ஒரே ஒரு கேள்வி. பெரியவளோடு உட்கார்ந்து பார்க்க கார்கி முதலிலா, சித்தா முதலிலா? அம்மாவும் கூட இருப்பார்.


ஆனைமலை டீச்சர் (பொள்ளாச்சி)

கார்கி முதலில் பாருங்கள். முடிவை முன்னாடியே யாரிடமும் கேட்காதீர்கள், அவளிடமும் சொல்லாதீர்கள். வீட்டிலேயே போடுங்கள், நடுவில் அவள் எதையாவது கேட்டால் நிறுத்திப் பேசலாம். அம்மா என்ன சொல்வாரோ என்று தயங்க வேண்டாம், அந்த வயதுப் பெண்களுக்கு இதெல்லாம் நம்மைவிட அதிகம் தெரியும். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள்.